அன்றாடச் சமையலுக்கு அளவான பாத்திரங்கள்: 27 குறிப்புகள்

கல்யாணச் சீரில் வந்தது, கிரகப்பிரவேசத்துக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்தது, ஆடித் தள்ளுபடியில் வாங்கிச் சேர்த்தது என்று நம் வீடுகளில் பாத்திரத்துக்குக் குறைவே இல்லை. இருந்தும் காலையில் பால் காய்ச்ச ஒன்றைத் தேடினால், கைக்குக் கிடைப்பது ஒன்று மூன்று லிட்டர் சட்டியாக இருக்கும், இல்லையென்றால் பொங்கினால் வழிகிற சின்னக் கிண்ணமாக இருக்கும். விசேஷ நாளை நினைத்துக்கொண்டு வாங்குகிறோம். சமைப்பதோ பெரும்பாலும் சாதாரண நாட்களில். தினமும் நாலு பேருக்குச் சமைக்கிற வீடு அந்த நாலு பேருக்காகத்தான் பாத்திரம் வாங்க வேண்டும் என்பதே என் கட்சி. கீழே உள்ள அளவுகள் நாலு பேர் உள்ள வீட்டுக்கானவை. உங்கள் வீட்டு ஆட்களுக்கும் பசிக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் வீட்டுக் கணக்கைக் குறித்துவையுங்கள். எத்தனை டம்ளர் அரிசி வைத்தீர்கள், குழம்பு எவ்வளவு மிஞ்சியது, எந்தப் பாத்திரத்தைச் சமையலுக்கு நடுவிலேயே கழுவி மறுபடி அடுப்பில் ஏற்றினீர்கள் என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதினால் போதும். நடுவில் கழுவ வேண்டிவந்த அளவில்தான் இன்னொன்று தேவை. அந்த வாரம் முழுக்க அலமாரியை விட்டு இறங்காத அளவில் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

2. கடையில் கண் ஏமாற்றும். 16 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் உள்ள பாத்திரத்தையும், 20 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள பாத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதோ இரண்டு விரற்கடை வித்தியாசம் போலத்தான் தெரியும். முதலாவது 1.6 லிட்டர் பிடிக்கும், இரண்டாவது 3.1 லிட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! அகலம், உயரம் இரண்டும் சேர்ந்து வளரும்போது கொள்ளளவு தாவிக்கொண்டு போகும். நேராக நிற்கும் எந்தப் பாத்திரத்துக்கும் கணக்கு சுலபம். உள் அகலத்தை அதே அகலத்தால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்குங்கள். அளவு செ.மீ.யில் இருந்தால் விடை மி.லி.யில் வரும். 18 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் என்றால் ஏறத்தாழ 2.3 லிட்டர். 14 செ.மீ., 7 செ.மீ. என்றால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கைபேசியில் கணக்குப் போட அரை நிமிஷம் ஆகாது. பையில் தையல் டேப் ஒன்று இருக்கட்டும். வயிறு பெருத்த பானை, சொம்பு வகைகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது; அவற்றை ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றித்தான் அளக்க வேண்டும். நல்ல கடைக்காரர்கள் மறுக்க மாட்டார்கள்.

3. கடையில் சொல்லும் லிட்டர், விளிம்பு வரை நிரப்பினால் பிடிக்கிற அளவு. அடுப்பில் அப்படி நிரப்பிக் கொதிக்கவைக்க முடியாது. குழம்பு, ரசத்துக்கு முக்கால் பங்கு, பாலுக்குப் பாதி, கிளறுகிற பண்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் சாம்பார் வைக்க இரண்டு லிட்டர் பாத்திரம் வேண்டும் என்று வருவது இப்படித்தான்.

4. அரிசிக் கணக்கிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக அமையும். ஒரு டம்ளர் (200 மி.லி.) அரிசி வெந்தால் சுமார் மூன்று டம்ளர் சாதமாகும். பழைய அரிசி என்றால் இன்னும் கொஞ்சம் கூடக் காணும். புது அரிசி அவ்வளவு காணாது. ஒரு டம்ளர் அரிசி பெரியவர்கள் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். ஆக நாலு பேருக்கு ஒரு வேளைக்கு இரண்டு டம்ளர். அதற்குக் குக்கரின் உள்ளே வைக்க அகலமான இரண்டு லிட்டர் பாத்திரம் போதும். ஆழாக்கு, உழக்கு என்று அளக்கிற வீடுகளில் ஒரு தடவை அந்த அளவையை மி.லி.க்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும்; அம்மா வீட்டு ஆழாக்கும் மாமியார் வீட்டு ஆழாக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

5. குக்கர் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே அளவில் வேண்டாம். சாதமும் பருப்பும் அடுக்கி வைக்க ஒரு 5 லிட்டர், பருப்பு மட்டும், உருளைக்கிழங்கு மட்டும், சுண்டல் மட்டும் என்று வேகவைக்க ஒரு 2 அல்லது 3 லிட்டர். கணவன், மனைவி இருவர் மட்டும் என்றால் 3 லிட்டரே பிரதான குக்கர். ஆறேழு பேர் உண்டென்றால்தான் ஏழரை லிட்டருக்குப் போக வேண்டும். நேரடியாகக் குக்கரில் சமைக்கும்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைத்துப் பொங்கும் பருப்பு, உப்பி விரியும் அரிசி போன்றவற்றுக்குப் பாதிதான் எல்லை. அதற்கு மேல் போனால் நுரை ஏறி ஆவி போகும் துளையை அடைத்துவிடும். அது உயிருக்கே ஆபத்து. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குக்கர்களுக்கு இந்த முத்திரை கட்டாயம். அடுக்க நினைக்கிற உள்பாத்திரங்களைக் கடையிலேயே உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். மேல் பாத்திரம் மூடியைத் தொடக் கூடாது.

6. சாதம் வடிக்கிற வீட்டுக்குக் கணக்கு வேறு. அரிசி தாராளமாக நீந்திக் கொதிக்க வேண்டும். இரண்டு டம்ளர் அரிசிக்கு ஐந்தாறு மடங்கு தண்ணீர் என்றால் பானை மூன்றரை முதல் நாலு லிட்டர் இருக்க வேண்டும். வாய் குறுகி, விளிம்பு வெளியே மடிந்த பானையாகப் பார்த்து வாங்குங்கள். வடிதட்டு அதில் நழுவாமல் உட்காரும், கஞ்சியும் ஒரே பக்கமாக இறங்கும்.

7. சாம்பார், காரக்குழம்பு, ரசம் மூன்றுக்கும் மூன்று அளவு. ஆளுக்கு 200 மி.லி. சாம்பார் என்று மதியத்துக்கு 800 மி.லி. ஆகும். இரவு டிபனுக்கும் சேர்த்து வைப்பவர்கள் ஒன்றரை லிட்டர் வைப்பார்கள். எனவே சாம்பாருக்கு இரண்டு லிட்டர். ரசத்துக்கு ஒரு லிட்டர் தாராளம். காரக்குழம்பும் வத்தக்குழம்பும் சாதத்தில் ஒரு கரண்டிக்கு மேல் ஊற்றிக்கொள்கிற பண்டம் அல்ல. அதற்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, அடி கனமான சின்னச் சட்டி. வத்தக்குழம்பைப் பெரிய பாத்திரத்தில் வைத்தால் அடியில் மெல்லிசாகப் பரவி, எண்ணெய் பிரியுமுன் அடிப்பிடித்துவிடும்.

8. ஈயச்சொம்பில் ரசம் வைப்பவர்களுக்குச் சரியான அளவு மிகவும் முக்கியம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பு அந்தச் சூட்டுக்குப் போகாது. கால் சொம்பு ரசத்தை வைத்துத் தீயைப் பெரிதாக்கினால், ரசம் தொடாத மேல்பக்கம் சூடேறி ஓட்டை விழும். ஆகவே நீங்கள் வைக்கிற ரசம் முக்கால் சொம்பாவது வருகிற அளவில் வாங்குங்கள். மூன்று, நாலு பேருக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை போதும். முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். தீ சொம்பின் அடியைத் தாண்டக் கூடாது. தாளிப்பு தனிக் கரண்டியில். வாங்கும்போது அது வெள்ளீயம்தானா என்று நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் கலந்தது உடம்புக்கு விஷம்.

9. பால் பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். அரை லிட்டர் பாக்கெட் ஒன்றுக்கு ஒரு லிட்டர் பாத்திரம், இரண்டு பாக்கெட் சேர்த்துக் காய்ச்சினால் இரண்டு லிட்டர். அகலமான சட்டியில் பால் சீக்கிரம் சுண்டி, ஓரமெல்லாம் ஆடை ஒட்டிக்கொள்ளும். தேய்க்கும்போது கை வலிக்கும். ஒரு பக்கம் மூக்கு வைத்த பாத்திரம் என்றால் டம்ளரில் சிந்தாமல் ஊற்றலாம். தைப்பொங்கல் பானைக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அது பொங்கி வழியத்தான் வேண்டும். அதைக் கொஞ்சம் சின்னதாகவே வாங்குங்கள்!

10. காபி ஃபில்டர் விஷயத்தில் 'பெரிசா வாங்கி வெச்சுக்கலாம்' என்பது செல்லாது. மேல் பாகத்தில் தூள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவாவது நிற்க வேண்டும். பெரிய ஃபில்டரில் இரண்டு கரண்டித் தூள் போட்டால் அது அடியில் மெல்லிசாகப் பரவி, வெந்நீர் நிற்காமல் இறங்கிவிடும். கிடைப்பது டிகாக்‌ஷன் அல்ல, சாயத் தண்ணீர். காலையில் இரண்டு பேர் மட்டும் குடிக்கிற வீட்டுக்குச் சின்ன ஃபில்டர் ஒன்று. விருந்தாளி வரப்போக உள்ள வீடு என்றால் அடுத்த அளவில் இன்னொன்று. இரண்டு ஃபில்டர் வைத்திருப்பதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். நல்ல காபிக்கு வேறு வழி இல்லை.

11. தயிரை ஒரே பெரிய பாத்திரத்தில் உறை ஊற்றாமல், முக்கால் லிட்டரில் ஒன்று, கால் லிட்டரில் ஒன்று என்று பிரித்து ஊற்றுங்கள். கரண்டி போட்ட இடத்தில் தயிர் தண்ணீர் விட்டு, மறுநாளைக்குள் புளிக்கத் தொடங்கும். கை படாத சின்னக் கிண்ணத் தயிர் கெட்டியாகவே இருக்கும். அடுத்த நாள் உறைக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

12. இட்லி மாவுப் பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான நாலுக்கு ஒன்று கணக்கில் நாலு டம்ளர் அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் அரைத்தால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் மாவு காணும். உளுந்து நன்றாகப் பொங்க அரைபட்டிருந்தால் இன்னும் கூடும். புளித்து எழும்போது அது இரண்டு மடங்கை நெருங்கும், கோடைக்காலத்தில் அதுவும் சீக்கிரமாக. அதற்காக ஐந்து, ஆறு லிட்டர் பாத்திரம் ஒன்று வாங்கினால், அது குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நாலாம் நாள் அடியில் நாலு கரண்டி மாவோடு அதே பெரிய பாத்திரம் உட்கார்ந்திருக்கும். அதைவிட மூன்று லிட்டரில் இரண்டு வாங்குங்கள். அரைத்த மாவைப் பாதிப் பாதியாக ஊற்றி இரண்டையும் புளிக்க விடுங்கள். ஒன்றை மறுநாள் இட்லிக்கு எடுத்துக்கொண்டு, மற்றதைக் கலக்காமல் அப்படியே உள்ளே வையுங்கள். கலக்கினால் மாவுக்குள் உள்ள காற்று போய் இரண்டாம் தடவை இட்லி தட்டையாகிவிடும். கலக்காத மாவில் மூன்றாம் நாளும் நல்ல இட்லி வரும். மூடியை அழுத்தி மூடாமல் லேசாகச் சார்த்தி வையுங்கள். அடியில் ஒரு தட்டும் இருக்கட்டும்.

13. இட்லிப் பானை ஆளுக்கு நாலு இட்லி என்ற கணக்கில் 16 குழி உள்ளதாக இருந்தால் நாலு பேர் ஒரே ஈட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். துணி போட்டு ஊற்றும் தட்டு என்றால் எட்டு, ஒன்பது குழியில் இரண்டு ஈடு. பானையின் அடியில் ஊற்றும் தண்ணீர் கீழ்த்தட்டைத் தொடாதபடி இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

14. தோசைக்கல்லை அடுப்பைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் 14 அங்குலக் கல் கம்பீரமாக இருக்கும். வீட்டு அடுப்பின் தீ நடுவில் மட்டும் படும்; நடுத்தோசை கருக, ஓரம் வெள்ளையாக நிற்கும். பெரிய பர்னர் உள்ள அடுப்புக்கு 11 அல்லது 12 அங்குலம், சின்னதுக்கு 10 அங்குலம். இரும்புக் கல் கனமாக இருந்தால் சூடு ஓரம் வரை பரவும். சப்பாத்திக்கு ஒன்பது அங்குலத்தில் தனியாக ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் சப்பாத்தி போட்டால் அடுத்த தோசை ஒட்டும்.

15. பொரியலுக்கு 24 செ.மீ. அகல வாணலி. காய் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரவிக் கிடந்தால்தான் வதங்கும். குவிந்தால் ஆவியிலேயே வெந்து குழையும். கீரைக்கு இதே அளவு போதாது என்று தோன்றும். பச்சையாக மலை போல நிற்கிற இரண்டு கட்டுக் கீரை வதங்கினால் இரண்டு கை அளவுதான், அதற்காகப் பெரிய சட்டி வாங்க வேண்டாம். முதலில் பாதிக் கீரையைப் போட்டு, அது அடங்கியதும் மீதியைப் போடலாம்.

16. பொரிப்பதற்குச் சின்ன வாணலி தனியாக வேண்டும். அடி குழிந்த 18 செ.மீ. இரும்பு வாணலியில் 300, 400 மி.லி. எண்ணெய் ஊற்றினால் வடை மிதக்கும். அதே வடை அகல வாணலியில் மிதக்க ஒரு லிட்டர் ஆகும். மிச்ச எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பயன்படுத்துகிற கெட்ட பழக்கத்துக்குக் காரணமே இந்தப் பெரிய வாணலிதான் என்பேன். கொஞ்சமாக ஊற்றினால் அடுத்த நாள் தாளிப்புக்கே தீர்ந்துவிடும். எந்த வாணலியிலும் எண்ணெய் பாதிக்கு மேல் ஏற வேண்டாம். ஈரமுள்ள பண்டம் விழும்போது நுரைத்து எழும்பும்.

17. மீன் குழம்புக்கு அகன்ற, ஆழம் குறைந்த மண்சட்டி. துண்டுகள் ஒரே வரிசையில் குழம்புக்குள் கிடக்க வேண்டும். அடுக்கினால் அடியிலுள்ளது உடையும். மீனைப் போட்ட பிறகு கரண்டி விடாமல், சட்டியை இரண்டு பக்கமும் பிடித்துச் சுழற்றித்தான் கலப்போம். அரைக் கிலோ மீனுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சட்டி கைக்கு அடங்கும். அதற்கு மேல் போனால் சூடான குழம்போடு தூக்கிச் சுழற்ற முடியாது. மண் வாசனையை உள்வாங்கும். மீன் சட்டியை மீனுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

18. தாளிப்புக் கரண்டி இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் பிடித்தால் போதும். குழி ஆழமாக இருந்தால் கடுகு வெளியே தெறிக்காது.

19. பாத்திரத்தின் அடியும் தீயும் ஒத்துப்போக வேண்டும். அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறுகிற தீ சமையலறையைத்தான் சூடாக்கும், கைப்பிடியையும் கருக்கும். சின்னப் பாத்திரத்தைச் சின்ன பர்னரில் வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு உள்ளவர்கள் கடைக்குக் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். அடியில் ஒட்டாத பாத்திரம் அதில் சூடேறாது. பித்தளை, செம்பு, ஈயச்சொம்பு எதுவும் உதவாது. 12 செ.மீ.க்குக் குறைந்த அடியைப் பல அடுப்புகள் உணர்வதே இல்லை.

20. தட்டுக்குப் பெரியவர்களுக்கு 11 அங்குலம், குழந்தைகளுக்கு எட்டு அங்குலம். ரசம் ஓடாமல் இருக்க விளிம்பு ஒரு விரற்கடை உயர்ந்திருக்கட்டும். தண்ணீர் டம்ளர் 250 மி.லி., காபிக்கு டபராவோடு 150 மி.லி. சின்னப் பிள்ளைகளுக்கு 100 மி.லி. டம்ளர் கொடுங்கள். அவர்கள் கைக்கு அடங்கும், சிந்தினாலும் கொஞ்சமே சிந்தும், 'முழுக்கக் குடிச்சிட்டேன்' என்று காட்டுகிற சந்தோஷமும் கிடைக்கும்.

21. சாமான் டப்பாக்களைக் கிலோவைப் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம், ஏனென்றால் ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு இடம் பிடிக்கும். அரிசி, துவரம்பருப்பு ஒரு கிலோவுக்கு சுமார் ஒன்றேகால் லிட்டர். சர்க்கரை அதைவிடச் சற்றுக் குறைவு. ரவை ஒன்றரை லிட்டர் வரை கேட்கும். கோதுமை மாவு இரண்டு லிட்டரை நெருங்கும். உப்போ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். மிளகாய்த்தூள் கால் கிலோ, காபித்தூள் 200 கிராம் இரண்டும் அரை லிட்டருக்குச் சற்று மேல். பாக்கெட்டைப் பிரித்தால் முழுவதும் ஒரே தடவையில் கொட்டி, மேலே இரண்டு விரல் இடம் இருக்கும்படி டப்பா அமைந்தால், பாதி பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி மூலையில் வைக்கிற வேலை இல்லை. காபித்தூளுக்கும் மசாலாத் தூளுக்கும் பெரிய டப்பா கூடாது. உள்ளே காற்று அதிகம் இருந்தால் வாசனை போய்விடும். 25 கிலோ அரிசி மூட்டை வாங்குகிறவர்களுக்கு 30 லிட்டர் டிரம் பத்தாது, 35 லிட்டர் வேண்டும். இரண்டு பேர் உள்ள வீட்டில் அவ்வளவு வாங்கி வண்டு பிடிக்க விடுவதைவிட, ஐந்து கிலோவும் ஆறரை லிட்டர் டப்பாவும் போதும்.

22. டிபன் பாக்ஸ் திரும்பி வரும்போது பாருங்கள். தினமும் மிச்சம் வந்தால் டப்பா பெரிது என்று அர்த்தம். பிள்ளையைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. ஐந்து முதல் எட்டு வயது வரை 300 மி.லி. டப்பாவும், காய்க்குக் கைக்குள் அடங்கும் கிண்ணமும் போதும். அலுவலகம் போகிறவர்களுக்கு சாதத்துக்கு 500, 600 மி.லி., குழம்புக்குத் திருகு மூடி போட்ட 200 மி.லி. பள்ளி இடைவேளை சின்னது. அதற்குள் பிள்ளை தானே திறந்து மூட முடிகிறதா என்று வீட்டிலேயே பழக்கிப் பாருங்கள்.

23. குளிர்பதனப் பெட்டியில் தட்டுகளுக்கு இடையே உள்ள உயரத்தை அளந்து எழுதிவையுங்கள். மிச்சம் எடுத்துவைக்கிற பாத்திரங்கள் மூடியோடு அதற்குள் அடங்க வேண்டும். மீந்த சாம்பாரைச் சமைத்த பாத்திரத்தோடு உள்ளே தள்ளாதீர்கள். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற நேரமாகும். கெடுவதும் அங்கேதான் தொடங்கும். அரை லிட்டர், ஒரு லிட்டரில் தட்டையான இரண்டு மூன்று கிண்ணங்களுக்கு மாற்றினால் சீக்கிரம் ஆறும். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடலாம்.

24. வீட்டில் சமைப்பவர் வயதானவரா? அப்படியென்றால் கொள்ளளவைவிடக் கனத்தைப் பாருங்கள். நாலு லிட்டர் பாத்திரத்தில் முக்கால் பங்கு குழம்பு என்றால் உள்ளே இருப்பதே மூன்று கிலோ. பாத்திரம் ஒன்றரைக் கிலோ. சூடாக, கைப்பிடித் துணியால் பிடித்து, அடுப்பிலிருந்து மேடைக்கு இறக்க வேண்டும். மணிக்கட்டு வலியோடு இதைத் தினமும் செய்கிற அம்மாக்கள் எத்தனை பேர்! அவர்கள் வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்கள். வெண்கலப் பானை எவ்வளவு ராசியானதாக இருந்தாலும், அதை வேறு யாராவது இறக்கித் தருகிற நாளில் அடுப்பில் ஏற்றிக்கொள்ளலாம். தினசரிக்கு இரண்டு லிட்டருக்கு மேற்படாத, இரண்டு பக்கமும் காது உள்ள பாத்திரங்களை வாங்கிக் கொடுங்கள். வடிப்பதற்குப் பதில் குக்கர் சாதத்துக்கு மாறச் சொல்லுங்கள். அடிக்கடி எடுப்பவை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும்.

25. அடுக்காக வாங்கும்போது ஐந்து, ஏழு என்று வரும். அதில் நடுவில் உள்ள மூன்றுதான் அன்றாடம் புழங்கும். மேலதும் கீழதும் உள்ளேயே கிடக்கும். தனித்தனியாகக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். ஒரே அகலத்தில் உயரம் மட்டும் மாறுகிற பாத்திரங்கள் கிடைத்தால், 18 செ.மீ. மூடி ஒன்றே மூன்றுக்கும் பொருந்தும்.

26. எவர்சில்வர் பாத்திரத்தைப் பல கடைகளில் எடை போட்டே விலை சொல்வார்கள். சின்னப் பாத்திரமானாலும் அடி கனமாக உள்ளதை எடுங்கள். அதே விலைக்குக் கிடைக்கிற பெரிய, மெல்லிய பாத்திரம் வேண்டாம். மெல்லியது முதல் வாரமே அடிப்பிடிக்கும். விளிம்பு மடித்து உருட்டப்பட்டிருக்கிறதா, கைப்பிடி ஆணி ஆடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு பேர் வெட்டும் இடம். கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலும் மதுரைப் பாத்திரக் கடைகளிலும் கல்லா ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கையில் பிடித்த சின்ன மின்கருவியின் ஊசி படபடவென்று துடிக்க, புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பும். வீட்டுப் பெயர், தேதி எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அவரிடம் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள். பெயருக்குப் பக்கத்தில் கொள்ளளவையும் வெட்டச் சொல்லுங்கள்: 1 லி, 2 லி, 3 லி என்று. இரண்டு எழுத்துதான். நாளைக்குப் புது மருமகளோ, சமையலுக்கு உதவ வருபவரோ, முதல்முறையாக அடுப்படிக்குள் நுழைகிற மகனோ யாரையும் கேட்காமல் சரியான பாத்திரத்தை எடுப்பார்கள். பழைய பாத்திரங்களுக்கும் இதைச் செய்து தருவார்கள்.

27. விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் வேண்டுமே என்று கேட்பீர்கள். இருபது பேருக்கு மேல் சமைக்கிற நாளுக்கு வாடகைப் பாத்திரக் கடை எல்லா ஊரிலும் உண்டு. அண்டா, தாம்பாளம், ஜல்லிக்கரண்டி வரை கணக்கெழுதிக் கொடுப்பார்கள். பத்துப் பேர் வருகிற நாளுக்கு ஏழெட்டு லிட்டரில் ஒரே ஒரு பாத்திரம் வீட்டில் இருந்தால் போதும். அதற்கு மேல் பரணில் தூசி படிந்து கிடப்பவற்றை இறக்குங்கள். நினைவுக்காக வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொண்டு, மற்றதைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுத் தேவையான அளவில் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மனம் வராவிட்டால், பக்கத்துக் கோயிலில் அன்னதானம் நடத்துபவர்களிடமோ முதியோர் இல்லத்திலோ எந்த அளவு பாத்திரம் தேவைப்படுகிறது என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் இறங்குகிற அண்டா அங்கே தினமும் அடுப்பில் ஏறும்.